சாயத்தண்ணீரில் ஒரு முழுக்கு

ஞாயிறு காலை ஆறரைக்குப் பாலக்காட்டுச் சித்தூரில் பஸ் ஏறினோம். பொள்ளாச்சி, பல்லடம் வழியாகத் திருப்பூருக்குத் தொண்ணூறு சொச்சம் கிலோமீட்டர். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. செண்டை கொட்டுபவர்கள் நால்வர், அவர்களுக்குத் தலைவர் அப்பு ஆசான், மொழிபெயர்க்க நான். திருப்பூரின் பறை செட்டும் எங்கள் பாலக்காட்டுச் செண்டையும் ஒரே மேடையில் சேர்ந்து கொட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. கேரளத்தில் வளர்ந்த தமிழ் வாத்தியார் என்பதால் இரு தரப்பும் என்னை நம்பியிருந்தார்கள். பாவம் அவர்கள்.

பொள்ளாச்சியில் காத்திருந்து பஸ் மாறிப் பதினொன்றரைக்குத் திருப்பூர். பறை செட்டின் தலைவர் மாரப்பன் வந்து கையைப் பற்றினார். முழங்கை வரை கத்தரிப்பூ நிறம். ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டேன். சாயப்பட்டறையில் வேலையாம், எத்தனை தேய்த்தாலும் போகாதாம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவர் வீடு நொய்யல் கரையில். ஆசான் குளிக்காமல் செண்டையைத் தோளில் மாட்ட மாட்டார். பக்கத்தில் ஆறு இருந்தால் வேறெதிலும் குளிக்கவும் மாட்டார். துண்டோடு அவர் கிளம்பியதை, பந்தல்மேல் கயிறு கட்டிக்கொண்டிருந்த மாரப்பன் பார்த்துவிட்டார்.

“சாமி, சாயத்தண்ணிங்க!”

“சாய பின்னெ மதி” என்று கையசைத்துவிட்டு ஆசான் நடந்தார். தேநீர் அப்புறம் போதும் என்கிறார். மலையாளக் காதில் சாயம் சாயாவாகிவிட்டது. தெரிந்துதான் போகிறார் போலும் என்று மாரப்பனும் கயிற்றுக்குத் திரும்பிவிட்டார். இரண்டையும் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான். அந்நேரம் தெருமுனையில் நின்று திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணிக்கு ஆசான் வந்தார். வெள்ளை முண்டு கத்தரிப்பூவாக, கண் இரண்டும் சிவந்து, உடம்பைச் சொறிந்தபடி. ஆற்றங்கரைக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். கரும் ஊதா, அதன்மேல் சோப்பு நுரை, ஓரத்தில் ஒரு சிவப்புக் கால்வாய். அதிலும் ஒரு பெண் மாட்டை ஓட்டிக்கொண்டு கடந்தாள். இதையும் ஆறு என்றுதான் சொல்கிறார்கள்.

சுத்தமாகக் குளிக்காமல் செண்டையைத் தொட மாட்டேன் என்று ஆசான் உட்கார்ந்துவிட்டார். நான்கு மணிக்கு நிகழ்ச்சி. கூட்டம் சேரத் தொடங்கியிருந்தது. மாரப்பனின் மனைவி சரசு உள்ளே போய் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நம்மூரில் பறை கொட்டுபவர் வீட்டுத் தண்ணீரை ஆசான் தொடுவாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். அன்று எரிச்சல் தாங்காமல் இரண்டையும் கடைசிச் சொட்டு வரை ஊற்றிக்கொண்டார்.

குடத்தை எடுக்க வந்த சரசு என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள்: “தண்ணி லாரி இனி வெசாழக்கெழமதானுங்க வரும். ஊட்டுல இருந்ததே இந்த ரெண்டு கொடந்தான். பெரியவருகிட்டச் சொல்லீராதீங்க.”

சொல்லியிருந்தால் அவர் அன்று கொட்டியிருக்க மாட்டார். சொல்லவில்லை. செண்டையும் பறையும் ஒன்றையொன்று விரட்டிப் பிடித்தன. ஜனம் கலையவே இல்லை. எனக்கு மட்டும் ஒன்றும் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலை எட்டு மணி பஸ். சரசு வெறும் குடத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியதை ஆசான் பார்த்திருக்கிறார். பல்லடம் தாண்டியதும் காரணம் கேட்டார். இரண்டு குடத்தையும், லாரி வியாழக்கிழமைதான் வரும் என்பதையும் சொன்னேன். உனக்கு முன்பே தெரியுமா என்றார். ஆமாம் என்றேன். பொள்ளாச்சி வரும்வரை முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சித்தூரில் எங்கள் ஆறு மணல் தெரிய ஓடிக்கொண்டிருந்தது. வெளியூர் போய் வந்தால் அதில் முழுகிவிட்டுத்தான் ஆசான் வீடு போவார். அன்றும் படியிறங்கினார். ஒரு கை அள்ளினார், மூக்கருகே கொண்டுபோனார், அப்படியே ஆற்றிலேயே விட்டுவிட்டு மேலே ஏறி வந்தார்.

குளிக்கவில்லையா என்று கேட்டேன்.

வியாழக்கிழமை ஆகட்டும் என்றார்.