குற்றம்: கணவன் இறந்தது

தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம். உபகாரச் சம்பள விதிகளில் இப்படி ஒரு வரி உண்டு. அரசாங்க உத்தியோகத்தர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் விதவை பென்சனுக்கு மனுப்போட வேண்டும். பிந்தினால் இந்த வரிதான் கதி. மன்னார் மாவட்ட அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் தலைமைக் கிளாக்கராக இருந்த காலமெல்லாம் அதை மேற்கோள் காட்டினேன். அது ஒருவருக்கும் உதவியதை நான் கண்டதில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு, கொண்டச்சியிலிருந்து ஒரு விதவை தமையனோடு மனு எழுதுவிக்க என்னிடம் வந்தார். கணவர் சுங்கக் கந்தோர்க் கிளாக்கர். இறந்து ஐந்தாம் மாதம். நாலு மாதமும் பத்து நாளும் இவர் இத்தா இருந்தவர். அந்தக் காலம் முடியும்வரை முஸ்லிம் விதவை வீட்டைவிட்டு வெளிக்கிடக் கூடாது, அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது. மனுவிலோ அதிகாரி முன்னால்தான் ஒப்பமிட வேண்டும். இதைவிடத் தக்க காரணம் எங்கே கிடைக்கும்?

அவருடைய சத்தியக் கடதாசியைக் கச்சேரி மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் ஆக்கினார். மெத்தப் படித்தவர், மன்னாருக்குப் புதியவர். இத்தா என்றால் என்னவென்று வாசலில் நின்ற பியோனைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 'வீட்டுக்குள் அடைந்திருந்தேன்' என்பதைக் 'காவலில் வைக்கப்பட்டிருந்தேன்' என்று எழுதிவிட்டார். கொழும்பு பென்சன் கந்தோர் கேட்டது: என்ன குற்றம்? எந்த நீதிமன்றம்? தீர்ப்பின் பிரதியை அனுப்பவும்.

வாசித்துச் சொன்னேன். தமையன் கதிரையைவிட்டு எழும்பிவிட்டார். "எங்கட குடும்பத்தில ஒருத்தரும் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணினதில்லை ஐயா!"

"நானா, சும்மா இருங்கோ," என்று அண்ணனை அடக்கினார் தங்கை. "ஐயா, குற்றம் புருசன் மவுத்தானது எண்டு எழுதுங்கோ. தீர்ப்பு அல்லாட தீர்ப்பு. பிரதி வேணுமெண்டா அவங்கள் அங்க போய்க் கேட்கட்டும்."

அப்படியே எழுதக் கை துடித்தது. அடக்கிக்கொண்டு, பள்ளிவாசல் லெப்பையின் அத்தாட்சியோடு விளக்கம் எழுதினேன். மறுகேள்வி வந்தது: வழக்கு விசாரிக்க லெப்பைக்கு அதிகாரம் வழங்கியவர் யார்? அதற்கும் எழுதினேன். பிறகு கொழும்பிலிருந்து மூச்சே இல்லை. "தங்கச்சிட மூத்தவனைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டியாச்சு ஐயா," என்று தமையன் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையில் பதில் எப்போதோ புறப்பட்டிருந்தது. தாமதம் மன்னிக்கப்பட்டது, பென்சன் உண்டு. விலாசம்தான் 'மறியற்சாலை அதிகாரி மூலம்'. அப்படியொரு கைதி இல்லையென்று அவர் திருப்பி அனுப்ப, கொழும்பு மறுபடியும் அவருக்கே அனுப்ப, கடைசியில் அலுத்துப்போன சிறைக்காவலர் ஒருவர், மனு எழுதியவன் நான் என்று விசாரித்தறிந்து, கடிதத்தோடு என் வீட்டுப் படலையில் வந்து நின்றார். "ஐயா, கைதி இங்கயோ?"

மடுக் கோயில் திருவிழாச் சனம் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்த நாள் அது. யூலை மூன்றாந் திகதி. கடிதம் பிந்தியதற்குத் தக்க காரணம் ஒருவரும் கேட்கவில்லை.