பஞ்சாங்கத்தோடு வந்த தேடுபொறி

செவ்வாய், பிற்பகல் 2.40. பாபநாசத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். யாரும் கேட்காமல் பிரவுசரில் உட்கார்ந்திருந்த ஒரு தேடுபொறியை மூன்று முறை நீக்கினேன். மூன்று முறையும் திரும்பி வந்தது.

நான் பிரிண்ட் எடுக்கப் போனவன். பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டா எடுக்க வந்த ஓர் அம்மா, போனுக்கு வந்த ஓடிபியைக் கடைக்காரரிடம் வாசிக்கப் போனதால்தான் குறுக்கே புகுந்தேன். அந்தத் தேடுபொறி முதலில் காட்டியது அரசு இணையதளமே இல்லை.

"சொல்லாதீங்கம்மா. அது போலி."

"மேல வர்றதத்தான தம்பி அழுத்துவோம்?" என்றார் கடைக்காரர்.

தோண்டினால், காரணம் பிரவுசரில் யாரோ ஏற்றியிருந்த ஓர் இலவசப் பஞ்சாங்க எக்ஸ்டென்ஷன்; தேடுபொறி அதோடு ஒட்டி வந்தது. அது இருக்கும்வரை தேடுபொறி போகாது.

"அதுல மட்டும் கை வைக்காதீங்க. நல்ல நேரம் பாக்காம இங்க யாரும் மனு போட மாட்டாங்க."

"சுவத்துல காலண்டர் தொங்குதேண்ணே."

"அது போன வருஷத்துது."

அந்த அம்மா சொன்னார்: "எடுத்துடுங்க தம்பி. நெலத்த எவனோ எழுதிக்கிட்டா எந்த நேரம் எனக்கு நல்ல நேரம்?"

எடுத்தேன். சரியான தளத்தில் சிட்டா வந்தது.

இனி செய்யப்போவது:

1. நாளை அங்குள்ள மற்ற இரண்டு கணினிகள்.
2. எதையும் புதிதாக ஏற்ற முடியாதபடி பாஸ்வேர்ட். அதைக் கடைக்காரருக்குச் சொல்ல மாட்டேன்.
3. அடுத்து உங்கள் வீடுகள். எதையாவது ஏற்றும்போது படிக்காமலே 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' அழுத்தியவர்கள் இப்போதே கமெண்டில் ஒப்புக்கொள்ளுங்கள்.