செய்தி வாசித்தவளுக்கு ஒரு வணக்கம்

எழுபதுகளின் பின்பாதியில், காளிகாட்டில் ஒரு வங்காளிக் குடும்பத்தின் மாடியில் நானும் மனைவியும் குடியிருந்தோம். மின்வெட்டு வந்த நேரம், போன நேரம், பால் திரிந்த நாள், குழாய் வறண்ட நாள் என்று எல்லாவற்றையும் டைரியில் குறித்து வைப்பவன் நான். இதனால் யாருக்கும் நன்மை விளைந்ததாக அந்த டைரியில் குறிப்பு ஏதும் இல்லை.

அந்த ஆண்டு புரட்டாசியில் ஊரில் மாமனார் இறந்துபோனார். தந்தி எங்கள் கைக்கு வந்தபோது தகனம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

"இனிமே போய் யாரைப் பாக்கப் போறேன்?" என்றாள் மனைவி. அதோடு பேச்சு நின்றது. சமைத்தாள், துவைத்தாள், கேட்டதற்கு 'ம்' என்றாள். அழவும் இல்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

பயந்தவன் நிறையப் படித்தவனாகவும் இருந்துவிட்டால், வீட்டிலிருப்பவர்கள் கவிதை கேட்டாக வேண்டும். அலிப்பூரில் என் அலுவலகப் பிரிவில் பதினொரு எழுத்தர்கள். ஒன்பது பேர் கவிஞர்கள், ஒருவர் விமர்சகர், மிச்சம் நான். அந்தக் காற்றை நாள் முழுக்கச் சுவாசித்தவனுக்குக் கவிதைமேல் நம்பிக்கை வராமல் இருக்குமா? எந்த நாளில் எந்தக் கவிதை என்று பட்டியல் போட்டேன். வேளைக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பின். குரல் தழுதழுக்க, தேவையான இடங்களில் நிறுத்தி வாசித்தேன். திங்கட்கிழமை, மழையில் யாரும் எடுக்காமல் கொடியில் கிடக்கும் ஒரு சட்டையைப் பற்றிய நாலு வரிக் கவிதை. முடித்துவிட்டு நிமிர்ந்தால், அவள் எப்போதோ எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கீழ்வீட்டு அம்மாளை, வங்காளிகள் அண்ணியை அழைப்பதுபோல, பௌதி என்றுதான் கூப்பிடுவோம். அவர் கவிதை படித்ததில்லை. அவர்கள் வீட்டில் டிவி இருந்தது. ஒரு சாயங்காலம் மாடியேறி வந்து, "ஏஷோ, ஏஷோ" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வங்காளச் செய்தி தொடங்கியது. திரையில் ஒரு பெண் கைகூப்பி, "நொமோஷ்கார்" என்றாள். என் மனைவியும் கைகூப்பி, "நொமோஷ்கார்" என்றாள். நன்றாகக் காதில் விழும்படி.

கத்திரிக்காய் விலை கேட்குமளவுக்குக்கூட வங்காளம் வராதவள் அன்றிலிருந்து தினமும் தவறாமல் போனாள். எனக்குக் கிடைத்தது 'ம்'. முன்பின் தெரியாத, இவள் இருப்பதே தெரியாத அந்தப் பெண்ணுக்கு ஒரு முழு வணக்கம். நான் பொறாமைப்படவில்லை என்று டைரியில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன்.

பிறகு மின்வெட்டு, சரியாகச் செய்தி நேரத்துக்கு, மூன்று நாள் தொடர்ந்து வந்தது. மூன்றாம் நாள் கீழேயிருந்து திரும்பி வந்தவள் சமைக்கவில்லை. நான் வைத்த ரசத்தையும் தொடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

அரிக்கேன் விளக்கை ஏற்றினேன். அலுவலகச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவளுக்கு எதிரே விறைப்பாக உட்கார்ந்து, கைகூப்பி, "நொமோஷ்கார்" என்றேன்.

திரும்பிப் பார்த்தாள்.

"தலைப்புச் செய்திகள். காளிகாட்டில் மின்சாரம் இல்லை. வீட்டுக்காரர் இன்று வைத்த ரசத்தில் புளி அதிகம் என நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன."

"பருப்பும் போடல," என்றாள்.

அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. "வானிலை" என்று தொடங்கிவிட்டேன். நினைவுக்கு வந்த மழை அந்தத் திங்கட்கிழமை மழைதான். தழுதழுப்பெல்லாம் இல்லாமல், அந்தப் பெண் வாசிப்பதுபோலவே தட்டையாகச் சொன்னேன்: கொடியில் ஒரு சட்டை காய்ந்தது, மழை பெய்தது, யாரும் எடுக்கவில்லை.

"யாரு சட்டைங்க அது?"

கவிஞரின் உத்தி பற்றி என்னிடம் ஒரு மணி நேரத்துக்கு விஷயம் இருந்தது. "அதை அவர் சொல்லல," என்றேன்.

"எங்க அப்பாவோடதா இருக்கும். மழை வந்தா எடுக்கவே மாட்டாரு. பாத்துக்கிட்டே நிப்பாரு, நான்தான் ஓடுவேன்..."

அழுதாள். அழுதுகொண்டே பேசினாள். சட்டை, குடை, அவர் சைக்கிள், கல்யாணத்தன்று அவர் போட்ட சண்டை. நான் செய்தி வாசிப்பவனாகவே அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

விளக்குகள் எரிந்தன. கீழேயிருந்து பௌதி, "கரன்ட் ஏஷே கேச்சே! ஏஷோ!" என்று கூவினார்.

என் மனைவி மூக்கைத் துடைத்துக்கொண்டு, தமிழ் ஒரு வார்த்தை தெரியாத பௌதிக்குத் தமிழிலேயே கத்திச் சொன்னாள்: "இருங்க பௌதி, இங்க செய்தி இன்னும் முடியல!"