சபீனா எழுதிய ‘உலை’

சபீனா இறந்த செய்தி வந்தபோது நான் உழவர்கரையில் ஒரு பேட்டரிக் கடையில் நின்றிருந்தேன். அலுவலகத்து யூ.பி.எஸ். பழுதாகியிருந்தது. அவருடைய தங்கை ரஹீமாவின் பெயர் செல்போனில் ஒளிர்ந்ததும் எடுக்க மனம் வரவில்லை. எடுத்தேன். “அண்ணே, அக்கா மவுத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துடுங்க” என்றாள். அவள் அழவில்லை. கடைக்காரர் எத்தனை வோல்ட் வேண்டும் என்று கேட்டார். பன்னிரண்டு என்று சரியாகச் சொன்னேன். அந்தப் பதிலை எந்த மனம் சொன்னது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிப்பவர்களில் சிலர் அவரோடு பழகியவர்கள். பலர் அவரைப் பார்த்ததே இல்லை. ‘உலை’ என்ற கணினி விளையாட்டின் வழியாக மட்டும் அறிந்தவர்கள். அதை எழுதியவர் எப்படிப்பட்டவர் என்று இந்த நாட்களில் நிறைய பேர் எனக்கு எழுதிக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முத்தியால்பேட்டையில் ஒரு தையல் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். இரண்டு அறைகள். நான் நிரல் எழுதுவேன், படமும் வரைவேன். ஒன்பது வருடங்களுக்கு முன்பு, வெளிநாட்டுப் போர் விளையாட்டு ஒன்றைத் தமிழாக்க ஆள் தேடியபோது சபீனா வந்தார். அதுவரை அவர் பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர். பிறப்பு, திருமணம், இறப்பு. பிரான்சில் உறவு இருக்கும் குடும்பங்கள் அவரிடம்தான் வரும். முதல் நாள் நான் கொடுத்த தாள்களில் ‘எதிரி வீழ்ந்தான்’ என்று நாற்பது இடங்களில் இருந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார்.

“செல்வம், இவன் பேரு என்னா?”

“பேரெல்லாம் கெடையாதுங்க. எதிரி, அவ்வளவுதான்.”

“பதினஞ்சு வருஷமா சாவுப் பதிவு மொழிபெயர்க்கிறேன். பேரு இல்லாம ஒருத்தர்கூட அதுல சாகல.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த விளையாட்டை முழுவதும் ஆடிப் பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். ஆடத் தெரியாது. துப்பாக்கியைத் தூக்கத் தெரியாமல் தன் சிப்பாயை ஒரு காலி வீட்டுக்குள் நடத்திக்கொண்டு போனார். குண்டு துளைத்த சுவர்களில் காரை பெயர்ந்திருந்தது ஒவ்வொரு துகளாகத் தெரியும். ஜன்னல் வழியே விழும் வெயிலில் தூசி மிதக்கும். அந்தக் காட்சியை எப்படிச் செய்திருப்பார்கள் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். சபீனா அறை அறையாகப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “இவ்வளவு அழகா வரைஞ்சிருக்காங்க. அடுப்பு மட்டும் இல்ல. இந்த வீட்டுல யாரும் இருந்ததே இல்ல செல்வம்” என்றார்.

அந்த வேலை முடிந்தும் அவர் போகவில்லை. நாமே ஒன்று செய்யலாம் என்றார். என்ன செய்வது என்று ஒரு வருடம் தெரியாமல் இருந்தோம். பிறகு குருசுக்குப்பத்திலிருந்து அஞ்சலை என்ற பெண் ஒரு மனு எழுதி வாங்க அவரிடம் வந்தார். கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதனால் இறப்புச் சான்றிதழும் இல்லை. மனுவில் கணவர் பெயரை எழுதும் இடத்தில் சபீனா நிறுத்தி, “அக்கா, இருக்காருன்னு எழுதட்டுமா, இல்லன்னு எழுதட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். அஞ்சலை கொஞ்சம் யோசித்துவிட்டு, “இன்னிக்கி எதுவும் எழுதாத” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் சபீனா அலுவலகத்துக்கு வந்து இதை என்னிடம் சொன்னார். “நாம செய்ய வேண்டியது இதுதான்” என்றார்.

அஞ்சலையிடம் போய்ச் சம்மதம் கேட்ட பிறகுதான் ‘உலை’ தொடங்கியது. விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு சின்ன வீடு, ஒரு அடுப்பு, ஒரு பெண். நீங்கள்தான் அந்தப் பெண். மாலையானால் உலை வைத்து, அரிசி அளந்து போடவேண்டும். முதல் சில மாலைகளில் கணவன் வருவான். இரண்டு ஆழாக்கு போட்டால் இரண்டு பேருக்கும் சரியாக இருக்கும். உங்கள் கை அதற்குப் பழகிவிடும். பிறகு ஒருநாள் அவன் வரமாட்டான். காரணத்தை யாரும் சொல்லமாட்டார்கள். மறுநாள் மாலையும் பானை காத்திருக்கும், அரிசி காத்திருக்கும். எத்தனை ஆழாக்கு போடுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். இரண்டு போட்டால் மீந்த சோறு காலையில் பானையில் இருக்கும். ஒன்று போட்டால் இருக்காது. வெற்றி தோல்வி இல்லை. திரையில் ஒரு சொல்கூட வராது. படமோ வெறும் கோடுகளும் மண் நிறமும்.

“சினிமாவா இருந்தா அவ அரிசி அளக்கறத பாத்து அழுதுட்டு எழுந்து போயிடுவோம். இதுல நம்ம கையே அளக்குது. அத எங்க கொண்டுபோய் வைக்கிறது?” என்பார் சபீனா. விளையாட்டு என்ற கலை எதற்கு இருக்கிறது என்பதைப் பற்றி அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதலில் அஞ்சலைக்குத்தான் கொண்டுபோய்க் காட்டினோம். மடிக்கணினியைத் தரையில் வைத்து, எந்த விசை என்று சபீனா ஒருமுறை சொல்லிக்கொடுத்தார். அஞ்சலை வேகமாகப் பழகிவிட்டார். கணவன் வராத மறுநாள் மாலை வந்தது. இரண்டு ஆழாக்கு விழுந்தது. அஞ்சலை திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“கை தானா போட்டுடுச்சி” என்றார். பிறகு, “காலையில நான்தான் துன்னணும் இத.”

விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு, “கடைசில அவரு வருவாரா?” என்று கேட்டார்.

நான் சபீனாவைப் பார்த்தேன். “வரமாட்டாருக்கா” என்றார் சபீனா.

“செரி. அப்ப பொய் சொல்லல நீ” என்றார் அஞ்சலை.

இனிச் சொல்லப்போவதை நான் மறைக்கலாம். மறைத்தால் சபீனா யார் என்பது பாதிதான் தெரியும். வெளியூர் நிறுவனம் ஒன்று ‘உலை’யை வெளியிட முன்வந்தது. ஒரே ஒரு விருப்பம் சொன்னார்கள்: தொடக்கத்தில் புயல் வேண்டும், படகு கவிழ்வது தெரியவேண்டும், பார்ப்பவர் அசந்துபோக வேண்டும். நான் ஒப்புக்கொண்டேன். மூன்று மாதம் அலைகளை மட்டும் செய்தேன். நுரை உடைவதும், அலையின் முதுகில் மழை விழுவதும், இருட்டில் படகின் விளக்கு முங்கி எழுவதும். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல வேலை நான் செய்ததில்லை. சபீனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முழுவதும் பார்த்தார்.

“அழகா இருக்கு. நெஜமாவே அழகா இருக்கு. ஆனா அஞ்சலைக்கா வீட்டு அடுப்படியில இருந்து கடல் தெரியாதே செல்வம்” என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “நீங்க எழுதறது கேமே இல்லங்க. பட்டன் வச்ச கதை” என்றேன். அவர் எழுந்து தன் மேசைக்குப் போனார். பதினோரு நாட்கள் வேலைக்குத் தேவையானதை மட்டும் பேசினார்.

அவர் தவறு என்று நிரூபிக்க வேண்டும் எனக்கு. ஒருநாள் காலை அவரிடம் சொல்லாமல் குருசுக்குப்பம் போனேன். அஞ்சலை வீட்டு வாசலில் உட்கார்ந்து புயலைப் போட்டுக் காட்டினேன். படகு கவிழ்ந்தது. விளக்கு அணைந்தது. நான் திரையைப் பார்க்காமல் அஞ்சலையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எப்படி இருக்கிறது என்று சொல்வார் என.

“அவரு போனத நான் பாக்கல தம்பி” என்றார். குரல் உயரவில்லை. “நான் சோறாக்கிக்கினு இருந்தேன். எனுக்கு எதுக்கு இத காட்டற?”

உள்ளே எழுந்து போய்விட்டார். கணினியை மூடவும் தோன்றாமல் நான் உட்கார்ந்திருந்தேன். புயல் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. நான் செய்த அந்தக் கடல் இப்போதும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்த அந்த முகத்தோடு சேர்ந்தே ஓடுகிறது.

அலுவலகம் வந்து சபீனாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “மன்னிப்பு கேட்டீங்களா?” என்றார்.

“இல்ல.”

“போய்க் கேளுங்க. வேலைய அப்புறம் பாத்துக்கலாம்.”

திரும்பிப் போனேன். அஞ்சலை மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை நிமிராமல் கேட்டார். “அந்தத் தண்ணிய எடுத்துடு. சோத்த மட்டும் எடுத்துடாத” என்றார். எடுத்தேன். நிறுவனம் விலகிக்கொண்டது. நாங்களே சிறியதாக வெளியிட்டோம். தன் தந்தை போன பிறகு இதை விளையாடிவிட்டு, முதல் முறையாக ஒரு ஆழாக்கு போட்ட அன்று தன் அம்மாவிடம் தொலைபேசியில் பேசியதாக ஒருவர் எழுதியிருந்தார். சபீனா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்தார்.

‘உலை’யில் வரும் அந்தப் பின்கதவைப் பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். அது நாங்கள் வைத்ததில்லை. பெண் அடுப்படியில் இருக்கும்போது சில சமயம் பின்கதவு தானாகத் திறக்கும். நிரலின் எந்த வரியால் அப்படி நடக்கிறது என்று நான்கு நாள் தேடினேன். கிடைக்கவில்லை.

“விட்டுடுங்க. காத்துன்னு நெனச்சிக்குவாங்க” என்றார் சபீனா.

“காத்தே நாம வைக்கலியே.”

“அதனாலதான் சொல்றேன்.”

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலை ஒரு சின்னத் திருத்தத்துக்காக ‘உலை’யைத் திறந்தேன். எதையும் தொடவில்லை. கதவு திறந்தது. வெளியே நாங்கள் எதுவும் வரையவில்லை. வெறும் கறுப்புதான் இருக்கும். கீழே தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, நல்ல வெயில். ஆனாலும் திரை தானாக அணையும்வரை நான் கையை அசைக்கவில்லை. பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய்.

தன் நோயைப் பற்றிச் சபீனா அதிகம் பேசியதில்லை. பேசினாலும் ரஹீமாவைப் பற்றித்தான் பேசுவார். வீட்டில் அவர்கள் இருவர் மட்டும். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரஹீமா தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தாள். “நான் போனப்புறமும் அவ ரெண்டு பேருக்குத்தான் சமைப்பா. பழகிட்டா. யாராவது சொன்னா கோவப்படுவா. நீங்க யாரும் சொல்லாதீங்க” என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அடுத்த விளையாட்டுக்கான யோசனையைப் பேச ஆரம்பித்தார், நான் தேறிக்கொள்வதற்காக.

போன வாரம் ரஹீமா அலுவலகத்துக்கு வந்தாள். ‘உலை’யில் மனிதக் குரல் கிடையாது. பானையைத் தூக்கும்போது அந்தப் பெண் விடும் மூச்சு மட்டும் உண்டு. அது சபீனாவின் மூச்சு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. “அது தனியா இருக்காண்ணே? எனக்கு வேணும்” என்றாள்.

இருந்தது. பதிவு செய்த அன்றைக்கு தனக்கு நடிக்க வராது என்று நிஜமாகவே ஒரு பானை நிறையத் தண்ணீர் வைத்துத் தூக்கினார் சபீனா. வெட்டாத பதிவைப் போட்டேன். மூச்சு, பானை தரையில் உட்காரும் சத்தம், பிறகு அவர் குரல்: “போதுமா செல்வம்?” தூரத்தில் என் குரல்: “இன்னொன்னு.” மறுபடி மூச்சு, பானை, “போதுமா?” “இன்னொன்னு.” பதினாறு முறை. பத்துக்கு மேல் அவருக்கு இரைக்கிறது. எனக்கு அது அன்று கேட்கவேயில்லை. கடைசி முறை சிரிப்போடு கேட்கிறார், நான் இன்னொன்று என்கிறேன், அவர் “யா அல்லாஹ்” என்று முணுமுணுத்துவிட்டுத் தூக்குகிறார்.

ரஹீமா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், “மூச்சு மட்டும் போதும்ணே. பேசறது வேணாம், தாங்க முடியாது” என்றாள். மூச்சுகளை மட்டும் வெட்டி அவள் செல்போனில் ஏற்றிக் கொடுத்தேன்.

மிச்சம் என்னிடம் இருக்கிறது. சபீனாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்: பதினாறு முறை அவர் போதுமா என்று கேட்டது, அத்தனை முறையும் நான் சொன்ன பதில்.