செவ்வந்திக்கு ஊற்றிய சுடுதண்ணீர்

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் இந்த வீட்டின் பின்னறையைக் கட்டியது நான். கூரை ஒழுக்கை அடைத்தது நான். எங்கள் தமிழ் ஆட்கள் கூடும் மண்டபத்து மேடைக்குப் பலகை அறைந்ததும் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். டேனிஷில் ஒரு வசனம் பிழையில்லாமல் எழுத இன்றைக்கும் வராது. அப்படியிருந்தும் என் கைக்கு அடங்காமல் போனவை இரண்டே இரண்டு. இரண்டும் ஒரே குளிர்காலத்தில் வந்து சேர்ந்தன.

மனைவி யாழ்ப்பாணத்தில் குண்டுகளுக்கு நடுவே இருந்தாள். அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தேன். அவளுக்குச் செவ்வந்தி என்றால் உயிர். "நீ வந்திறங்கேக்க வாசல்ல செவ்வந்தி நிக்கும்" என்று கசெற்றில் குரலைப் பதிந்து அனுப்பிவிட்டு, அப்போது வாடகைக்கு இருந்த இதே வீட்டு வாசலில் நட்டேன்.

முதல் உறைபனியில் இலையெல்லாம் கறுத்துத் தொங்கியது. செடி வாடினால் தண்ணீர் இறைப்பதுதான் எங்கள் ஊர்த் தோட்டக்காரருக்குத் தெரிந்த வைத்தியம். அதுவும் குளிர் நாடாயிற்றே என்று சுடுதண்ணீராக ஊற்றினேன், காலையும் மாலையும். கூட இருந்த நண்பர் சிரித்தார்: "அண்ணை, வெறுந்தண்ணி காணாது. கொஞ்சம் தேயிலையும் போடுங்கோ!"

ஊற்றிய தண்ணீர் வேரைச் சுற்றிக் கல்லாக உறைந்தது. பக்கத்து வீட்டு டேனிஷ் கிழவி வேலிக்கு மேலால் கத்தினாள்: "அதைத் தொடாதே! காய்ந்த இலையைக் குவி, மேலே ஊசியிலைக் கொப்பு போடு. பிறகு சும்மா இரு."

சும்மா இரு. விண்ணப்பம் கொடுத்திருந்த பொலிஸ் கந்தோரிலும் அதைத்தான் சொன்னார்கள். மாதாமாதம் போய் நிற்பேன். "காத்திருங்கள்." எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை நீதி அமைச்சரே அசையவிடாமல் வைத்திருந்தது பிறகு நாடறிந்த வழக்காயிற்று. அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? உடைக்கவோ தூக்கவோ எதுவுமில்லாமல் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

இளவேனிலில் செடி முளைக்கவில்லை. அவளுக்கு அதைச் சொல்லவுமில்லை. புதிதாக நட்டு, அடுத்த குளிருக்குக் கிழவி சொன்னபடி மூடினேன். மூடிய பிறகும் மனம் கேட்காது. பனி கொட்டும்போதெல்லாம் ஜன்னலில் நின்று பார்ப்பேன். திறந்து பார்த்தால் செத்துவிடும், பார்க்காவிட்டால் இருக்கிறதோ தெரியாது. அந்தச் செடி பிழைத்தது. அவள் வரவில்லை. திரும்பவும் மூடினேன். திரும்பவும்.

கடைசியில் அவள் வந்தது நடுக்குளிரில். வாசலில் நின்று, "இஞ்சருங்கோ, செவ்வந்தி எண்டியள், குப்பையெல்லோ குவிச்சு வச்சிருக்கிறியள்" என்றாள். அதற்குள்தான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன்; அதை விட்டு, அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

அதற்குப் பிறகு வளர்த்தது அவள்தான், ஓம், ஒப்புக்கொள்கிறேன். இப்போது வருகிறவர்கள் எல்லாரும் பூவோடு நின்று படமெடுத்து, "அக்கான்ர கைராசி" என்கிறார்கள். அவளும் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அவள் இல்லாத குளிர்காலங்களில் அதை மூடிவைத்துக் காத்திருந்தவன் நான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.