அதே மூலையில் அள்ளிய தூள்

2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.40க்குக் கோப்பி. என் மனைவி வசந்தி வாசலில் கோலம் போட்டு முடித்திருந்தாள். 6.30க்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, 6.55க்கு மலேசியாவில் ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில், எங்கள் கல் பட்டறையில் இருந்தேன். சமையலறை மேடைக் கற்களை அறுத்து விளிம்பு தேய்ப்பது என் வேலை.

பட்டறையின் சரக்கு அறைக்குப் பதினேழு படிகள். அன்று பதினோராவது படியில் நின்றுவிட்டேன். கையில் ஒரு சுமையும் இல்லை. மூச்சு வரவில்லை.

மூன்று மாதமாக இருமல் இருந்தது. வயது ஐம்பத்திரண்டு, அதனால் என்று நினைத்திருந்தேன்.

கிளினிக்கில் எடுத்த நெஞ்சுப் படத்தில் இரண்டு பக்கமும் புள்ளிகள். முதலில் காசநோய் என்று சந்தேகித்தார்கள். மூன்று காலை சளி கொடுத்தேன். கிருமி இல்லை. ஜொகூர் பாருவில் பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே சிடி ஸ்கேன் (உடலைக் குறுக்குத் துண்டுகளாகக் காட்டும் படம்) எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டர் இளம்பெண், தமிழர்.

"அங்கிள், எந்தக் கல்லு அறுப்பீங்க?"

"மார்பிள் டாக்டர். அந்தத் தூளு ஒண்ணும் பண்ணாது. கோழித் தீவனத்துலயே போடுறாங்க."

"எந்தத் தூளும் நெஞ்சுக்கு நல்லதில்ல. ஆனா இந்தப் படத்துல இருக்கிறது மார்பிள் பண்ற வேல இல்ல. வேற கல்லு அறுத்தீங்களா?"

மார்பிள் தூளைப் பற்றி நான் தெரிந்துவைத்திருந்தது பொய்யில்லை. அது சுண்ணாம்பு வகைக் கல்லின் தூள். சுவர்ப்பூச்சில், சாயத்தில், வார்ப்புச் சிலையில் சேர்ப்பார்கள். கோத்தா திங்கியில் இருக்கும் என் மச்சான் காய்கறிப் பாத்தியின் புளித்த மண்ணுக்கு மூட்டையாகக் கொண்டுபோவார். கடையில் விற்கும் கோலப்பொடி பலவும் கல் தூள்தான். அதனால் பட்டறையில் அறுப்பு மேசைக்குப் பின்னால் மூலையில் குவியும் வெள்ளைத் தூளை யாரும் குப்பையாக நினைக்கவில்லை. நாங்கள் நான்கு பேர் கோலத்துக்கென்று வீட்டுக்கு அள்ளிப்போவோம்.

மறுமுறை போகும்போது என் நாட்குறிப்புகளைக் கொண்டுபோனேன். 2018 ஆகஸ்ட் வரை மார்பிள். அதன் பிறகு பெரும்பாலும் குவார்ட்ஸ் எனப்படும் செயற்கைக் கல். பொடித்த படிகக் கல்லைப் பிசினில் இறுக்கிச் செய்வது. அதையும் பட்டறையில் மார்பிள் என்றே சொல்லிப் பழகியிருந்தோம். தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி சேறாகி விழும். அவசர வேலைகளில் உலர்வாகவே அறுத்தோம், முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு.

டாக்டர் நோயின் பெயரை எழுதித் தந்தார்: சிலிக்கோசிஸ் (படிகக் கல் தூசியால் நுரையீரல் தழும்பேறுவது).

பக்கங்களை மூடும்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. "தூள், 3 கிலோ, வீட்டுக்கு." 2019 பிப்ரவரி. கல் மாறியது. நான் அள்ளிய மூலை மாறவில்லை. அந்த வருடத்திலிருந்து அப்படி முப்பத்தொரு வரிகள். கோடு சன்னமாக விழவேண்டும் என்று வசந்தி அதைச் சமையலறையில், விசிறிக்கடியில் உட்கார்ந்து சலிப்பாள். ஒரு மாதமாக அவளுக்கும் இருமல்.

மூடிய நாட்குறிப்பை மறுபடி திறந்தேன். டாக்டரிடம் சொன்னேன். அவர் உடனே வசந்தியின் பெயரில் நெஞ்சுப் படத்துக்கு ஒரு சீட்டு எழுதினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வசந்தி அலமாரியில் இருந்த டின்னைப் பார்த்தாள்.

"அதான் எறும்புகூட கிட்ட வரலயா?"

"வெளாட்டு இல்ல வசந்தி."

"வெளாட்டுன்னு யாரு சொன்னா? மொதல்ல அந்த டைரிய மூடுங்க. நாளைக்குப் படம் எடுக்கப் போலாம்."

முடிவு வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் அவள் இருமலை எண்ணினேன். திங்கள் 9. செவ்வாய் 14. புதன்கிழமை அவள் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"என் இருமலுக்கும் வருகைப் பதிவா? இன்னிக்கி லீவு போட்டுக்கங்க லா."

சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அதை மட்டும் நான் எழுதவில்லை.

மே 8, வியாழக்கிழமை. டாக்டர் முதலில் அவள் படத்தைத்தான் விளக்குப் பலகையில் வைத்தார்.

"ஆண்ட்டிக்கு நெஞ்சு சுத்தமா இருக்கு. இது சளி விட்டப்புறமும் கொஞ்ச நாள் விடாம இருக்கிற இருமல். ஆனா இந்த நோவு பல வருஷம் கழிச்சும் தெரியலாம். வருஷா வருஷம் வரணும்."

வசந்தி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு டாக்டர்?"

"தழும்பு போகாது அங்கிள். பட்டறைய விட்டுடுங்க. மோசமாகிறத மெதுவாக்கப் பாக்கலாம்." பிறகு, "வேற யாரும் அந்தத் தூள வீட்டுக்குக் கொண்டுபோனாங்களா?" என்றார்.

இரண்டு மாதமாக என் நெஞ்சையும் அவள் நெஞ்சையும் மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற மூவர் பெயரும் என் நாட்குறிப்பில் இருந்தன.

அன்று மாலை டின்னில் தண்ணீர் ஊற்றித் தூளைக் குழைத்து, பையில் கட்டி, மேலே இன்னொரு பை போட்டேன். அலமாரியை ஈரத்துணியால் துடைத்தேன். தூசி கிளம்பும் என்று துடைப்பத்தைத் தொடவில்லை. இதை வாசிப்பவர்களில் கல் அறுப்பவர்கள் இருந்தால், எந்தக் கல், எந்த மாதம், ஈரமா உலர்வா என்று குறித்து வையுங்கள். வேலைத் துணியை உதறாமல் ஈரமாக்கி, தனியாகத் துவையுங்கள்.

மூவரில் இருவரிடம் இரவுக்குள் பேசிவிட்டேன். செல்வா சிங்கப்பூரில் கல் பொருத்தப் போயிருந்தார், எடுக்கவில்லை. அவர் மகள் அந்தத் தூளில் வண்ணம் கலந்து ரங்கோலி பழகுகிறாள்.

இப்போதெல்லாம் கடிகாரத்துக்கு முன்னால் மூச்சு நேரம் சொல்கிறது. குளிக்க முன்பு ஏழு நிமிடம், இப்போது பதினாறு. பேசும்போது ஒரு வாக்கியத்தின் நீளம் முன்கூட்டியே தெரிகிறது.

மே 9, வெள்ளிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். வசந்தி பச்சரிசி மாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். கோப்பிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து செல்வாவை அழைத்தேன். எடுத்தார்.

"செல்வா, வீட்டுல இருக்கிற கோலப்பொடி டின்ன..."

அங்கே மூச்சு நின்றது. அவர் "அண்ணே? அண்ணே?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சு திரும்பும்வரை காத்திருந்து, முதலிலிருந்து சொன்னேன்.