சத்தம் கேட்டால் கையை விடு

பதினேழு வருடம் ஒரே அறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வெடிக்குத் திரி வைத்தவள் நான். விஸ்வநத்தம் பக்கம் பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் எங்கள் பட்டாசு ஆலையில் போர்மேன் வேலை காலியானபோது, இனிமேலாவது நின்றுகொண்டு வேலை பார்க்கலாம் என்று ஆசை வந்தது. பரீட்சை எழுதித் தேறியும் விட்டேன். அதற்குப் பிறகுதான் முதலாளி ஒரு கொக்கி போட்டார். இரண்டாவது யூனிட் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, போர்மேன் இரண்டுக்கும் போய்வர வேண்டும், கம்பெனி தருவது கியர் வண்டி. சீசன் சூடுபிடிப்பதற்குள் நான் லைசென்ஸ் காட்டாவிட்டால் வேலை அவருடைய மச்சினனுக்கு. அந்த மச்சினன் வெடியைத் தீபாவளிக்கு மட்டும் தொட்டவன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே விமானம்கூட ஓட்டியிருப்பேன்.

வண்டி தேவைப்பட்ட ஐந்து பேரைக் கம்பெனியே ஞாயிற்றுக்கிழமைகளில் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பியது. நாங்கள் நான்கு பெண்கள், கூட ஒரு லோடுமேன். சொல்லிக்கொடுத்தவர் காரியாபட்டிக்காரர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், வெடி ஆபீஸ் வாசலையே மிதிக்காதவர்.

முதல் நாள் மைதானத்தில் ஐந்து பேரும் வெறுங்காலோடு போய் நின்றோம். செருப்பு, செல்போன், ஹேர்பின் எல்லாவற்றையும் வேலி ஓரம் வரிசையாகக் கழற்றி வைத்திருந்தோம். யாரும் சொல்லவில்லை. தீப்பொறிக்குப் பயந்து இதையெல்லாம் வெளியே விட்டுத்தான் வெடி அறைக்குள் போவோம். பாதுகாப்பு என்ற வார்த்தை காதில் விழுந்தால் எங்கள் கை தானாகவே கழற்றத் தொடங்கிவிடும். அவரோ ஷூ போட்டு வரச் சொன்னார். அப்புறம் வண்டியைக் காட்டி, இது பெட்ரோல் டேங்க், இதற்குக் கீழே தீப்பொறி பிறக்கும், இரண்டுக்கும் மேலே நீங்கள் உட்கார வேண்டும் என்று விளக்கினார். இதற்கு அரசாங்கம் அனுமதி கொடுத்திருக்கிறதா என்று லோடுமேன் நிஜமாகவே கேட்டார்.

இரண்டாவது ஞாயிறு நான் முதல் கியரில் மெல்லப் போய்க்கொண்டிருந்தேன். பழைய வண்டி. சைலன்சர் 'டப்' என்றது. அடுத்த நொடி நான் வேலி ஓரம் நின்றேன். மற்ற நான்கு பேரும் எனக்கு முன்பே அங்கே இருந்தார்கள். பழக்கப்படி தலையை எண்ணினோம், ஐந்தும் சரியாக இருந்தது. ஆளில்லாத வண்டி தன் பாட்டுக்குக் கொஞ்ச தூரம் போய்ச் சீமைக்கருவேலத்துக்குள் படுத்துக்கொண்டது.

காரியாபட்டிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஓடுற வண்டிய விட்டுட்டு எறங்கி ஓடுறீகளேக்கா, அது எங்கன போகும்னு நெனச்சீக?"

எங்கள் பாலபாடமே அதுதான் என்று சொன்னேன். சத்தம் கேட்டால் கையில் இருப்பது எதுவாக இருந்தாலும் அப்படியே விட வேண்டும், கதவைப் பார்த்து ஓட வேண்டும், நின்று யோசிக்கக் கூடாது. அவர் கருவேலத்துக்குள் போய் வண்டியை நிமிர்த்தி உருட்டி வந்தார். பிறகு, இங்கே அதற்கு நேர் எதிர், சத்தம் கேட்டால் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்றார்.

அதை எங்கள் உடம்புக்குப் புரியவைக்க மூன்றாவது ஞாயிறு ஒரு கட்டு ஓலை வெடி வாங்கி வந்தார். நாங்கள் எட்டுப் போடும்போது பக்கத்தில் நின்று வெடிப்பாராம். அவர் தீப்பெட்டியை எடுத்த லட்சணத்தைப் பார்த்ததும் எங்களுக்குப் பொறுக்கவில்லை. வண்டிகளை நிறுத்திவிட்டு ஒரு குடம் தண்ணீரும் ஒரு வாளி மணலும் கொண்டுவந்து வைத்தோம். அவர் போட்டிருந்தது பாலியஸ்டர் சட்டை, அதையும் கழற்றவைத்தோம். பனியனோடு, கையை நீட்டி, நீளமான ஊதுபத்தியால் பற்றவைக்கும்படி பாடம் எடுத்தோம். மனிதர் சொன்னதையெல்லாம் அப்படியே செய்தார். அன்று காலை முழுக்க அவர் வெடித்தார், நாங்கள் ஓடினோம், வண்டிகள் விழுந்தன. மதியத்துக்கு மேல் ஒரு தடவை வெடித்தபோது நான் ஓடவில்லை. கை கைப்பிடியிலேயே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எட்டை முடித்தேன்.

டெஸ்ட் நாளில் சூலக்கரைப் பக்கம் எட்டுப் போடும்போது வெளி ரோட்டில் ஒரு சாவு ஊர்வலம் போனது. சரவெடி ஒரு நிமிடம் விடாமல் வெடித்தது. எங்கள் கம்பெனிச் சரக்காகவே இருக்கலாம். நான் கால் ஊன்றவில்லை. லைசென்ஸ் வந்தது. மச்சினன் பழையபடி தீபாவளிக்கு மட்டும் வெடி தொடுபவனாக ஆனான். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை.

போர்மேனாகி இரண்டாவது வாரம். இரண்டாவது யூனிட்டில் ஓர் அறைக்குள் திரி வைத்த வெடித் தட்டைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே லாரி டயர் வெடித்தது. உள்ளே இருந்த நான்கு பெண்களும் கண் மூடித் திறப்பதற்குள் நான்கு கதவு வழியாகவும் வெளியே போய்விட்டார்கள். நான் நின்றேன். இரண்டு கையும் தட்டை இறுக்கிப் பிடித்திருந்தன. வலது கால் தரையில் பிரேக்கைத் தேடி மிதித்துக்கொண்டிருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அவர்கள் தலையை எண்ணுவது காதில் விழுந்தது. ஒன்று குறைந்தது.

"யக்கா, அதை விட்டுட்டு வாங்க" என்று ஒருத்தி கூப்பிட்டாள்.

விட முடியவில்லை. டயர்தான் என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் விரல் பிரியவில்லை. அவள் திரும்பி உள்ளே வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். யாரும் திரும்பி உள்ளே வரக் கூடாது என்று காலையில்தான் நான் அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். அன்று பயந்ததுபோல நான் பயந்ததே இல்லை.

இப்போது வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் வைத்திருக்கும் தாமிரத் தகட்டைத் தொட்ட பிறகு, இரண்டு கையையும் மூன்று முறை மூடி விரிப்பேன். விடுவதைக் கை மறக்காமல் இருப்பதற்காக. நான் கும்பிடுகிறேன் என்று நினைத்து இரண்டு யூனிட்டிலும் எல்லோரும் அதேபோல் செய்கிறார்கள். எந்தச் சாமிக்கு என்று புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கேட்டாள்.

"சாமியெல்லாம் இல்லத்தா. நல்லா விரிச்சுப் பழகிட்டு உள்ள போ."